போனில் வரும் பாடத்தைப் புரிந்து படிக்க: ஓ.எல் பிள்ளைகளோடு உட்காருபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓ.எல் (க.பொ.த சாதாரண தரப் பரீட்சை) எடுக்கப்போகும் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளின் பாடம் இப்போது பாதி கொப்பியிலும் பாதி போனிலும் கிடக்கிறது. 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது அவசரத்துக்குத் தொடங்கிய வட்ஸ்அப் குழுக்கள், பள்ளிக்கூடம் திறந்த பிறகும் நின்றுவிடவில்லை. பாடக்குறிப்பு, மாதிரி வினாத்தாள், டியூசன் சேரின் கையெழுத்துக் குறிப்பு எல்லாம் அதில்தான் வருகின்றன. பிள்ளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு "படிச்சிட்டன்" என்கிறது. ஒரு கேள்வி கேட்டால் முழிக்கிறது.

மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கமும் படுவான்கரையிலும் மாலை வகுப்புகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்த அளவில், போனைப் பறித்து வைப்பதால் இது தீராது. பிள்ளைகள் வேலையைச் செய்யும் ஒழுங்கைத்தான் மாற்ற வேண்டும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். தாய், தகப்பன், அக்கா, அண்ணா, வாசிகசாலையில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்திருப்பவர், யாரும் செய்யலாம். உதாரணத்துக்கு 11ஆம் தர விஞ்ஞானத்தில் வரும் ஒளித்தொகுப்புப் பாடத்தையே (தாவரம் ஒளியைக் கொண்டு உணவு தயாரிப்பது) கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன்.

1. முதலில் பிள்ளையின் வாசிப்பைச் சோதியுங்கள்

பாடநூலில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அச்சுப் புத்தகத்தில், நல்ல வெளிச்சத்தில். எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கிறதா, சொற்களைத் தாண்டிப் போகிறதா, முற்றுப்புள்ளியில் நிற்கிறதா என்று கவனியுங்கள்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எழுத்தைக் கூட்டுவதிலேயே கவனம் முழுவதும் செலவாகும் பிள்ளைக்குப் பொருளைப் பிடிக்க மிச்சம் எதுவும் இராது. ஓ.எல் வகுப்பிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். வகுப்பில் கூச்சத்தால் வாய் திறக்காததால் வெளியே தெரிவதில்லை. அந்தப் பிள்ளைக்கு இந்த வழிகாட்டியின் மற்றப் படிகள் இப்போது வேண்டாம். தினமும் ஒரு பக்கம் நீங்கள் வாசித்துக் காட்டி, அதே பக்கத்தை அது திருப்பி வாசிக்கட்டும். மற்றப் பிள்ளைகளின் முன்னால் இதைச் செய்யாதீர்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு போன், சார்ஜ் முழுக்க ஏற்றியது. ஒரு சி.ஆர் கொப்பி, பென்சில், அழிறப்பர். அந்தப் பாடத்தின் கடந்தகால வினாக்கள் நாலைந்து. பாடத்தை அன்றே படிக்கப் போகிறோம் என்றால் கோப்பு முன்கூட்டியே இறக்கப்பட்டிருக்க வேண்டும்.

கடைசியில் சொன்னதைப் பலரும் சிறிதாக நினைக்கிறார்கள். வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கங்களில் சிக்னல் ஒரு மூலையில் இருக்கும், இன்னொரு மூலையில் இராது. பிள்ளை படிக்க உட்கார்ந்த பிறகு சிக்னல் தேடி முற்றத்துக்குப் போனால், திரும்பி வரும்போது போனில் பாடம் திறந்திருக்காது, வேறேதோ ஓடிக்கொண்டிருக்கும். வேலைக்குப் போன தகப்பனின் போன்தான் வீட்டில் உள்ள ஒரே போன் என்றால், இறக்கும் வேலையை முதல் நாள் இரவே முடித்துவிடுங்கள்.

3. சரியான பிரதியை இறக்குங்கள்

பாடநூல் வேண்டுமென்றால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். மொழி, தரம், பாடம் என்று தெரிவு செய்து இலவசமாக இறக்கலாம். குழுவில் யாரோ அனுப்பிய பிரதியில் பக்கம் குறைந்திருக்கலாம், பழைய பாடத்திட்டத்து நூலாகவும் இருக்கலாம். எந்தப் பிரதியானாலும் முதற் பக்கங்களில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். 10ஆம் தரத்துக்கு 2015இலும் 11ஆம் தரத்துக்கு 2016இலும் பாடத்திட்டம் மாறியது. அதற்கு முந்திய நூல்கள் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன.

பக்க எண்ணில் புதியவர்கள் எல்லாரும் தடுமாறுகிறார்கள். "22ஆம் பக்கம் பாருங்க" என்று டீச்சர் சொன்னால் பிள்ளை பிடிஎஃப்பில் 22 என்று அடிக்கிறது, வேறு பக்கம் வருகிறது. அட்டையும் முன்னுரையும் பிடிஎஃப் கணக்கில் சேர்வதால் இந்த வித்தியாசம். நூலுக்கு நூல் அது மாறும். ஒருமுறை கண்டுபிடித்துக் கொப்பி அட்டையில் எழுதிவிட்டால் பிறகு தொல்லையில்லை.

அடுத்தது எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்புகள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். போனுக்கோ அது ஆங்கில எழுத்துக் குவியல். அதில் "மாப்பொருள்" என்று தேடினால் ஒன்றும் வராது. வாசித்துக் காட்டும் செயலியில் போட்டால் ஆங்கில எழுத்துகளை உளறும். ஒருங்குறியில் (யூனிகோட்) உள்ள கோப்பு என்றால் தேடலும் ஒலிவாசிப்பும் வேலை செய்யும். சோதிப்பது சுலபம்: ஒரு சொல்லை நகலெடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக விழுந்தால் ஒருங்குறி. படமாக ஸ்கேன் செய்த பக்கத்தில் சொல்லைத் தெரிவு செய்யவே முடியாது. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கும், மெதுவாக வாசிக்கும் பிள்ளைக்கும் இந்த வேறுபாடு மிகப் பெரியது. ஆகவே குறிப்புத் தட்டச்சு செய்யும் ஆசிரியர்கள் தயவுசெய்து ஒருங்குறியிலேயே அடியுங்கள்.

கையெழுத்துக் குறிப்பைப் போட்டோ எடுத்து அனுப்புபவர்கள் அதை 'டொக்கியூமென்ட்' ஆக அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். சமன்பாட்டில் கீழே வரும் சின்ன எண்கள்தான் முதலில் மங்கும், பிள்ளை 2ஐ 3 என்று எழுதிப் படித்துவிடும்.

4. எது தாளில், எது திரையில் என்று பிரியுங்கள்

எல்லாவற்றையும் போட்டோகொப்பி எடுக்க எந்த வீட்டிலும் காசு இல்லை. எடுக்க வேண்டியதை மட்டும் எடுக்க ஒரு கணக்கு இருக்கிறது.

2000 முதல் 2017 வரை வெளியான 54 ஆய்வுகளை, 1,70,000க்கு மேற்பட்ட வாசகர்களின் முடிவுகளோடு சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2018இல் வெளிவந்தது. ஒரே பகுதியைத் தாளில் வாசித்தவர்கள் திரையில் வாசித்தவர்களைவிடச் சற்று நன்றாகப் புரிந்துகொண்டார்கள். விளக்கப் பாடங்களிலும் நேரம் நெருக்கும்போதும் இந்த வித்தியாசம் தெரிந்தது. கதை மட்டும் வாசித்தபோது தெரியவில்லை. இளம் தலைமுறை திரைக்குப் பழகப் பழக இடைவெளி குறையும் என்று நினைப்போம். அந்த ஆண்டுகளில் அது கூடித்தான் போயிருக்கிறது.

இதை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தால்: தமிழ்ப் பாடக் கதை, பத்திரிகைக் கட்டுரை, பொது வாசிப்பு எல்லாம் போனில் இருக்கட்டும். விஞ்ஞானத்தில் செய்முறை, வரலாற்றில் காரணகாரியம், வணிகக்கல்வியில் வரைவிலக்கணம் வரும் பக்கங்களைக் கொமினிகேசன் கடையில் அச்செடுங்கள். ஒளித்தொகுப்பில் நான் அச்செடுக்கச் சொல்வது பரிசோதனைகள் உள்ள பக்கங்களை மட்டும்தான். அரசு தந்த பாடநூல் வீட்டில் இருந்தால் அச்சும் வேண்டாம். இலவசமாக வந்த நூலை அலுமாரியில் வைத்துவிட்டு அதே நூலின் பிடிஎஃப்பைப் போனில் வாசிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். முதல் வேலையாக அந்த நூலை மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

5. போனைப் படிப்புக்குத் தயாராக்குங்கள்

பிளைட் மோடில் போடுங்கள். கோப்பு ஏற்கெனவே இறக்கியிருப்பதால் இணையம் தேவையில்லை. அறிவித்தலை மட்டும் நிறுத்தினால் போதாது. வந்திருக்குமோ என்று பார்க்க விரல் தானாகப் போகும். வராது என்று தெரிந்தால்தான் போகாது.

போனைப் படுக்கையாகத் திருப்புங்கள். பாடநூல் பக்கம் புத்தக அளவுக்கு அமைக்கப்பட்டது. நிமிர்த்திப் பிடித்த போனில் எழுத்து எறும்பளவு தெரியும், பெருப்பித்தால் வரி இரண்டு பக்கமும் வெளியே போகும். ஒவ்வொரு வரிக்கும் வலமும் இடமும் இழுத்தால் அடுத்த வரி எது என்று கண் தடுமாறும். படுக்கையாக வைத்தால் வரி முழுதாக அடங்கும், மேலிருந்து கீழே மட்டும் நகர்த்தினால் போதும்.

பிடிஎஃப் செயலியில் தொடர்ச்சியாக ஓடும் காட்சியை விட்டு, பக்கம் பக்கமாகப் புரளும் காட்சியைத் தெரிவு செய்யுங்கள். "அந்தப் படத்துக்குக் கீழே, இடது பக்கம்" என்று இடத்தோடு சேர்த்துத்தான் நாம் பலவற்றை ஞாபகம் வைக்கிறோம். ஓடிக்கொண்டே இருக்கும் திரையில் எதற்கும் ஓர் இடம் இல்லை.

6. கேள்வியை முதலில் வாசியுங்கள்

பாடத்தைத் திறக்குமுன் கடந்தகால வினாக்களில் இரண்டை வாசிக்கச் சொல்லுங்கள். விடை தெரியாவிட்டாலும் ஓர் ஊகத்தை எழுதட்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்த கண் அந்த இடம் வந்ததும் நிற்கும். தெரியாத கண் எல்லா வரியையும் ஒரே வேகத்தில் கடந்து போகும். போனில் அந்த வேகம் இன்னும் கூட.

வினாக்களையும் விடைத்தாளையும் ஒன்றாகக் கொடுக்காதீர்கள். விடைத்தாள் அதே போனில் இருந்தால் வேறொருவரின் போனுக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள்.

7. ஒரு பக்கம் வாசியுங்கள், அதற்கு மேல் வேண்டாம்

ஒரு பக்கம், அல்லது ஒரு உபதலைப்பு. முதல் முறை சத்தமாக. நம் பாடநூல் வாக்கியங்கள் நீளமானவை. எழுவாய் தொடக்கத்தில் இருக்கும், வினை நாலு வரி தள்ளிக் கடைசியில் வரும். மௌனமாக வாசிக்கும் பிள்ளை நடுவில் எங்கோ விட்டுவிட்டு முற்றுப்புள்ளிக்குத் தாவிவிடும். வாய்விட்டு வாசித்தால் எங்கே தட்டுகிறது என்று உங்களுக்கும் கேட்கும், அதற்கும் தெரியும்.

தட்டிய வாக்கியத்தில் கடைசி வினையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு "யார், எது?" என்று பின்னோக்கிக் கேளுங்கள். "நீரில் கொதிக்கவைக்கப்பட்ட இலை சோதனைக் குழாயிலுள்ள மதுசாரத்தில் இடப்பட்டு, அக்குழாய் கொதிநீருள்ள முகவையினுள் வைக்கப்படும்" என்று இருந்தால், எது வைக்கப்படும்? இலையா, குழாயா? இலை என்றுதான் பாதிப் பேர் சொல்வார்கள். அந்த இடத்தில்தான் பரிசோதனையே கைநழுவிப் போகிறது.

8. போனைக் கவிழ்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்

மற்ற எந்தப் படியைத் தவறவிட்டாலும் இதை விடாதீர்கள்.

பக்கம் முடிந்ததும் போனைக் கவிழ்த்து வையுங்கள், தாளை மூடுங்கள். பிள்ளை தன் சொந்தப் பேச்சில், நம்ம ஊர்த் தமிழில், வாசித்ததைச் சொல்ல வேண்டும். பாடநூல் வாக்கியத்தை ஒப்புவித்தால் நிறுத்தி, "தம்பிக்குச் சொல்ற மாதிரிச் சொல்லு" என்று கேளுங்கள்.

அமெரிக்காவில் 2006இல் நடந்த ஒரு பரிசோதனையில் மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை நாலு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று முறை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு ஞாபகம் இருந்தது சுமார் 40 வீதம், நினைவிலிருந்து எழுதியவர்களுக்குச் சுமார் 61 வீதம். ஓ.எல் பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

திரைக்கு இதில் தனி ஆபத்து உண்டு. இஸ்ரேலில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில், தாங்களே நேரத்தைத் தீர்மானித்துப் படித்தபோது திரையில் படித்தவர்கள் எடுக்கப்போகும் புள்ளியை உள்ளதைவிடக் கூட்டி மதிப்பிட்டார்கள். விளங்கிவிட்டது என்று எண்ணி முன்னதாகவே நிறுத்திவிடுவதுதான் சிக்கல். "படிச்சிட்டன்" என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை. அது அப்படித்தான் நம்புகிறது. ஆகவே ஏசாதீர்கள், கேளுங்கள்.

ஒரு மாலை வகுப்பில் பதினோராம் தரப் பிள்ளையோடு நடந்தது இது. இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. இலையை நீரில் அவித்து, மதுசாரத்தில் போட்டு, கழுவி, அயடீன் விட்டால், மாப்பொருள் இருந்தால் கருநீலம் வரும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டாள்.

"மதுசாரத்தை நேரே நெருப்பில வைக்க ஏலாதா மனே?"

"சுடுதண்ணிக்குள்ள தான் வைக்கோணும் அக்கா."

"ஏன்?"

"அப்படித்தான் கிடக்கு."

வரிசை மட்டும் ஞாபகத்தில் இருந்தது, காரணம் இல்லை. பக்கத்தைத் திரும்பத் திறந்து அந்த ஒரு காரணத்தை மட்டும் தேடச் சொன்னோம். மதுசார ஆவி சுலபமாகத் தீப்பற்றும் என்று கண்டாள். மறுகா அவளே அடுத்த கேள்வியைக் கேட்டாள்: அப்ப எதுக்கு மதுசாரம்? பச்சையத்தைக் கரைத்து எடுக்க. பச்சை நிறம் போகாவிட்டால் அயடீனின் நிறமாற்றம் தெரியாது. பிறகு ஏன் கழுவுகிறோம்? மதுசாரத்தில் இலை விறைத்து நொருங்கும் நிலைக்கு வரும், நீரில் இட்டால் இளகும். முதலில் ஏன் நீரில் அவித்தோம்? கலங்கள் இறந்து மென்சவ்வுகள் உடைந்தால்தான் அயடீன் உள்ளே போகும். நாலு "ஏன்" முடிந்ததும் செய்முறை முழுவதும் அவளிடம் இருந்தது, மனப்பாடம் தேவைப்படவில்லை.

கேட்பவர் விஞ்ஞானம் படித்திருக்க வேண்டியதில்லை. சாய்ந்தமருதில் சமையலறையில் நிற்கும் உம்மாவும், மண்டூரில் திண்ணையில் இருக்கும் அம்மம்மாவும் "ஏன் அப்படிச் செய்யிற?" என்று கேட்கலாம். பதிலில் "அதனால" என்ற சொல் வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். வராவிட்டால் பிள்ளை பக்கத்தைத் திறந்து தேடட்டும்.

இங்கே பெரியவர்கள் செய்யும் பிழை ஒன்று: பிள்ளை திக்கியதும் தாங்களே விடையைச் சொல்லிவிடுவது. பத்து எண்ணும் வரை பொறுங்கள். யோசிக்கும் நேரத்தில்தான் ஞாபகம் பதிகிறது.

9. அதன் பிறகு எழுதட்டும்

சொல்லி முடித்த பிறகு, பார்க்காமல், கொப்பியில் நாலைந்து வரி. பிறகு பக்கத்தைத் திறந்து விடுபட்டதை வேறு நிறத்தில் சேர்க்கட்டும். அந்த நிறத்தில் உள்ளதுதான் அடுத்த தடவை படிக்க வேண்டியது.

பார்த்து எழுதுவது, ஸ்கிரீன்ஷொட் எடுப்பது, வரியெல்லாம் மஞ்சள் பூசுவது மூன்றும் இதற்கு ஈடாகாது. கை வேலை செய்கிறது, தலை ஓய்வெடுக்கிறது. படமாக இருந்தால் பார்க்காமல் வரைந்து பெயரிடச் சொல்லுங்கள்.

10. வீடியோவும் ஏஐயும் இந்த இடத்தில்தான்

இவற்றை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆய்வுகூடம் இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இலை வெளிறுவதையும் அயடீன் பட்டுக் கறுப்பதையும் ஒரு வீடியோ கண்ணால் காட்டுகிறது. அது பெரிய உதவி. ஆனால் சொந்த முயற்சிக்குப் பிறகு வர வேண்டும். முன்னால் வந்தால் வேறொருவரின் விளக்கத்தைக் கேட்ட சுகத்தைத் தன் விளக்கம் என்று பிள்ளை எண்ணிவிடும்.

ஏஐயிடம் "விடை தா" என்று கேட்காமல், "நான் எழுதிய விடை இது, எதை விட்டிருக்கிறேன்?" என்று கேட்கப் பழக்குங்கள். அது சொல்வதைப் பாடநூலோடு ஒப்பிட்ட பிறகே கொப்பியில் ஏற்றுங்கள். நம்பிக்கையான தொனியில் பிழையும் சொல்லும்.

யூடியூப்பிலும் ஏஐயிலும் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கலைச்சொற்கள் வரும். நம் பிள்ளை ஒளித்தொகுப்பு என்று படித்ததை அங்கே ஒளிச்சேர்க்கை என்பார்கள். காபனீரொட்சைட்டு அங்கே கார்பன் டை ஆக்சைடு, ஒட்சிசன் ஆக்சிஜன், கலம் செல், மாப்பொருள் ஸ்டார்ச். தெரியாத பிள்ளை இரண்டும் வேறு வேறு பாடம் என்று குழம்பும், அல்லது பரீட்சைத் தாளில் இரண்டையும் கலந்து எழுதும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரல் போட்டு, கேட்கும் சொல்லையும் எழுத வேண்டிய சொல்லையும் அவ்வப்போது சேர்த்துவரச் சொல்லுங்கள்.

11. திரும்பக் கேட்கும் நாட்களைக் குறியுங்கள்

அடுத்த நாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து. கொப்பியில் அந்தப் பக்கத்தின் மேல் மூலையில் மூன்று திகதிகளையும் அன்றைக்கே எழுதுங்கள். அந்த நாட்களில் பாடத்தைத் திறப்பதில்லை. முதலில் சொல்ல வேண்டும், பிறகுதான் திறந்து சரிபார்க்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, வாசித்துவிட்டுச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்வதில் ஞாபகத்துக்கு வேலையே இல்லை.

ஒரு வாரம் கழித்துத் தட்டினால் முழுப் பாடத்தையும் மறுபடி வாசிக்கவைக்காதீர்கள். தட்டிய இடத்துக்கு மட்டும் ஆறாம் படியிலிருந்து தொடங்குங்கள். மூன்று திகதியிலும் தட்டாமல் சொன்ன பக்கத்தில் ஒரு சரி போட்டுவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போங்கள்.

இரண்டு மூன்று பாடம் இப்படிப் போனதும் கேட்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடலாம். ஒரு போனுக்கு இரண்டு பேர்: ஒருவர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பார், மற்றவர் பார்க்காமல் சொல்வார், அடுத்த பக்கத்தில் இடம் மாறுவார்கள். ஒரே போன் உள்ள வீட்டுக்கும் இது பொருந்தும். கேட்பவர் கையில் மட்டும் போன் இருந்தால் போதும்.